நான்கு மேரிகளில் தூக்கிலேறியது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'மேரி ஹாமில்டன்' என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே இத்தனை கேள்விகள் வந்துவிட்டதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் 1960-இல் வெளியிட்ட பதிவில் இந்தப் பாட்டைக் கேட்டேன். அரசியின் பணிப்பெண் ஒருத்தி ராஜாவால் கர்ப்பமாகிறாள், பிறந்த குழந்தையைக் கடலில் விடுகிறாள், அதற்காகத் தூக்கில் போடப்படுகிறாள். இது ஸ்காட்லாந்து அரசி மேரியின் அரண்மனையில் உண்மையிலேயே நடந்தது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஆனால் ரஷ்யாவில் நடந்தது என்று இன்னோரிடத்தில் படித்தேன். எது சரி?
– கல்லூரி மாணவி, தல்லாகுளம்

பதில்: இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது அம்மா, ஆனால் இரண்டுமே முழுசாகப் பொருந்தவில்லை. அதனால் பாட்டை அப்படியே ஒரே துண்டாக வைத்துக்கொண்டு வயது கேட்காமல், பெயர், சம்பவம், வரி, மெட்டு என்று தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் விசாரித்தால்தான் வழி தெரியும்.

முதலில் பெயர்கள். நேற்று ராத்திரி அரசிக்கு நான்கு மேரிகள் இருந்தார்கள், இன்று ராத்திரி மூன்று பேர்தான் இருப்பார்கள், மேரி சீட்டன், மேரி பீட்டன், மேரி கார்மைக்கேல், அப்புறம் நான் என்று அந்தப் பெண் பாடுகிற இடம்தான் எல்லோருக்கும் மனதில் நிற்பது. 1548-இல் ஐந்து வயதுக் குழந்தையாக அரசி மேரியை பிரான்சுக்கு அனுப்பியபோது கூடவே நான்கு சிறுமிகளை அனுப்பினார்கள், நான்கு பேருக்கும் பெயர் மேரிதான், அதுவரை சரி. ஆனால் அவர்கள் சீட்டன், பீட்டன், பிளெமிங், லிவிங்ஸ்டன். ஹாமில்டனும் இல்லை, கார்மைக்கேலும் இல்லை. அந்த நால்வரில் யாரும் தூக்கிலேறவும் இல்லை. லிவிங்ஸ்டன் 1565-இலும் பீட்டன் 1566-இலும் பிளெமிங் 1567-இலும் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். சீட்டன் மட்டும் கடைசிவரை மணமாகாமல், அரசி இங்கிலாந்தில் சிறையிருந்தபோதும் வருஷக்கணக்காகக் கூடவே இருந்து, பிறகு பிரான்சில் ரான்ஸ் நகரத்துக் கன்னிமடத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆக, பாட்டில் வரும் நான்கு பெயரில் இரண்டு அசல்.

இப்போது சம்பவம். 1563 டிசம்பரில் எடின்பரோவிலிருந்து ஆங்கிலத் தூதர் தாமஸ் ராண்டால்ஃப் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது: அரசியின் பணிப்பெண்களில் ஒருத்தி, பிரெஞ்சுக்காரி, அரசியின் மருந்துக்காரனால் கர்ப்பமானாள், மருந்து கொடுத்து விஷயத்தை மறைக்கப் பார்த்ததில் குழந்தை செத்தது, இருவரும் சிறையில். இரண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள் என்று மதச் சீர்திருத்தக்காரர் ஜான் நாக்ஸ் தன் வரலாற்றில் எழுதுகிறார். அதே மூச்சில், அரண்மனை மேரிகளுக்கு என்ன பேர் இருந்தது என்பதற்கு அந்தக் காலத்துப் பாட்டுகளே சாட்சி என்கிறார். அதாவது அரண்மனைப் பெண்களைப் பற்றி அப்போதே பாட்டுக் கட்டி ஊரில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உங்கள் பேராசிரியர் சொல்வது இதைத்தான். இதில் இடிக்கிற இடம் ராஜா. 1563-இல் ஸ்காட்லாந்தில் ராஜாவே கிடையாது. அரசியின் முதல் கணவர், பிரான்சு மன்னர், 1560-இலேயே இறந்துவிட்டார். இரண்டாவது கணவர் டார்ன்லி ஸ்காட்லாந்துக்கு வந்ததும் அரசியை மணந்ததும் 1565-இல். அப்படியிருக்க, பாட்டில் குழந்தைக்குத் தகப்பன் ராஜா என்று வருவது எப்படி?

இங்கேதான் ரஷ்யக் கதை நுழைகிறது. ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பிறந்த மேரி ஹாமில்டன் என்ற பெண், ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் மனைவி கேத்தரினிடம் பணிப்பெண்ணாக இருந்தாள். பீட்டருக்கே ஆசைநாயகியாக இருந்தாள் என்றும் பேச்சு. தான் பெற்ற குழந்தையைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட அவளை 1719 மார்ச் 14 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் தலையை வெட்டிக் கொன்றார்கள். பெயர் அப்படியே பொருந்துகிறது, ராஜா கிடைத்துவிட்டான், பணிப்பெண், குழந்தைக்கொலை எல்லாம் இருக்கிறது. போதாக்குறைக்குப் பாட்டில் அவள் கப்பல்காரர்களைப் பார்த்து, என் அப்பன் ஆத்தாளுக்கு நான் இப்படிச் சாகிறேன் என்று தெரிய வேண்டாம் என்று கெஞ்சுகிறாள், தொட்டிலில் போட்ட தாய்க்கு நான் எந்தெந்த தேசம் போவேன் என்று தெரிந்திருக்குமா என்று கேட்கிறாள். எடின்பரோவில் சாகிற பெண் எதற்குக் கப்பல்காரர்களிடம் பேச வேண்டும்? வெளிநாட்டில் செத்தவள் என்றால் அர்த்தமாகிறது. 1820-களிலேயே இந்த ஒற்றுமையைக் கவனித்துச் சொல்லிவிட்டார்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கதைப்பாடல்களை 305 தலைப்புகளில் வரிசைப்படுத்தி, இந்தப் பாட்டுக்கு 173 என்று எண் கொடுத்து, அதன் 28 வடிவங்களைத் தொகுத்த ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டும் முதலில் ரஷ்யா பக்கமே சாய்ந்தார்.

1895-இல் ஆண்ட்ரூ லாங் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேள்வி நியாயமானது: 1719-க்குப் பிறகு கட்டிய பாட்டு என்றால், பீட்டர்ஸ்பர்க் சேதியை எடுத்து யார், எதற்காக 150 வருஷத்துக்கு முந்தைய எடின்பரோ அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்? அந்தக் காலத்துச் சீட்டனும் பீட்டனும் எப்படிச் சரியாக வந்து உட்கார்ந்தார்கள்? ஓர் ஆயுள் காலத்துக்குள் அத்தனை வடிவங்கள் எப்படிக் கிளைத்தன? சைல்ட் 1896-இல் இறப்பதற்கு முன் லாங் பக்கம் வந்துவிட்டார். இத்தனை வருஷ உழைப்புக்குப் பிறகு, எதிர்த்து எழுதியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பார்த்து நிலையை மாற்றிக்கொண்ட அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் முடிவைக் கேட்டால், பாட்டின் உடம்பு 1563. அதற்கு எனக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிவது ஒரு சின்ன இடம். சைல்டின் 28 வடிவங்களில் ஒன்றில் தகப்பன் ராஜா இல்லை, மருந்துக்காரன்! என் காதலன் மருந்துக்காரன், குழந்தை தங்காமல் போக எத்தனையோ மருந்து கொடுத்தான், பலிக்கவில்லை என்று அந்தப் பெண் பாடுகிறாள். ராண்டால்ஃபின் கடிதத்தில் இருக்கும் அதே செய்தி. அரசாங்கக் கடிதக்கட்டைப் பார்த்து எந்தக் கிராமத்துப் பெண்ணும் பாட்டுக் கட்டியிருக்க மாட்டாள், வாய்வழியாகத்தான் அது அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதே போல எல்லா வடிவத்திலும் அவள் பெயர் ஹாமில்டனும் இல்லை, சிலவற்றில் மேரி மைல்ட் என்று வருகிறது. ஆகவே ஹாமில்டன் என்ற பெயர் 1719 செய்தி ஊருக்குள் வந்த பிறகு பழைய பாட்டில் ஒட்டியது என்று நினைக்கிறேன். ராஜா டார்ன்லியின் கெட்ட பெயரால் வந்திருக்கலாம், பீட்டராலும் வந்திருக்கலாம். கப்பல்காரர் வரிகளை வைத்து ரஷ்யாவுக்குப் போக முடியாது, ஏனென்றால் தொட்டிலில் போட்ட தாய்க்குத் தெரியுமா என்ற வரி தூக்குமேடைப் பாட்டுகள் வேறு சிலவற்றிலும் வருகிறது. அப்படிப்பட்ட வரிகள் ஊர்ச்சொத்து, வேண்டிய பாட்டில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பாட்டின் எழுத்துத் தடம் என்று பார்த்தால், 1790 ஜனவரியில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஓர் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் இதே தொட்டில் வரியை மேற்கோள் காட்டுகிறார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1802-03-இல் வெளியிட்ட எல்லைப்புறப் பாடல் தொகுப்பில் பல வடிவங்களை ஒட்டவைத்து முழுப்பாட்டாக அச்சிட்டார். அதற்கு முன்னால் இருநூறு வருஷத்துக்கு மேல் பாடினவர்களின் வாயில்தான் இருந்திருக்கிறது.

கேள்வி: பெயரும் தப்பு, ராஜாவும் தப்பு என்றால் அந்தப் பாட்டை இத்தனை தலைமுறை எதற்காகக் கட்டிக்கொண்டு பாடினார்கள்? சுவாரசியத்துக்காக மட்டும்தானா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சுவாரசியத்துக்காக மட்டும் இல்லை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் எந்த ராணி, எந்த வருஷம் என்ற தேடலில் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

1690-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு பெண் கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் இருந்து, குழந்தை செத்துக் கிடந்தாலோ காணாமல் போனாலோ, அவள்தான் கொன்றாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும், தண்டனை மரணம். அவள் கொன்றாள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதே இல்லை. குழந்தை பிறக்கும்போதே செத்துப் பிறந்திருந்தால்கூட மறைத்தாள் என்பதே போதும். சரி, மறைக்காமல் சொல்லியிருக்கலாமே என்றால், சொன்னால் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் முழுக்கப் பார்க்க முக்காலியில் உட்காரவைத்துத் திட்டுவார்கள், வேலை போகும், தங்க இடம் போகும். மேலே சொன்ன பர்ன்ஸே 1786-இல் தன் ஊர்ச் சர்ச்சில் சபைக்கு முன் கண்டிக்கப்பட்டவர்தான், ஆனால் ஆண் என்பதால் அவர் கண்டிப்போடு தப்பினார்.

பண்ணை வீடுகளில் வேலைக்கு இருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். எஜமான் வீட்டுக்காரனாலோ கூட வேலை செய்தவனாலோ கர்ப்பமாகி, யாரிடமும் சொல்ல முடியாமல், ராத்திரியில் தனியாகப் பெற்றெடுத்தவர்கள். 1724-இல் மேகி டிக்சன் என்ற பெண்ணை எடின்பரோ கிராஸ்மார்க்கெட்டில் இந்தச் சட்டப்படி தூக்கில் போட்டார்கள். புதைக்க எடுத்துப்போகிற வழியில் அவளுக்கு உயிர் வந்தது, அதன் பிறகு பல வருஷம் வாழ்ந்தாள், அதனால் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. உயிர் வராதவர்கள் பலர். அந்தச் சட்டம் 1809-இல்தான் நீங்கியது. பர்ன்ஸ் வரியை எழுதியதும், ஸ்காட் பாட்டை அச்சிட்டதும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே.

இப்போது பாட்டைத் திரும்பக் கேளுங்கள். அதில் யாரும் அவளுக்குப் புத்தி சொல்வதில்லை. அவள் கறுப்பு உடுத்த மறுத்து வெள்ளை உடுத்திக்கொண்டு எடின்பரோவுக்குள் வருகிறாள், கேனன்கேட் தெருவில் அவளைப் பார்த்துப் பெண்கள் அழுகிறார்கள், எத்தனை நாள் என் அரசிக்குத் தலைவாரிப் பூண் பூட்டியிருப்பேன், அதற்குக் கூலி தூக்குக்கயிறா என்று கேட்கிறாள். குழந்தையைக் கடலில் போட்டவள் என்பதைப் பாட்டு மறைக்கவும் இல்லை, அவளை வெறுக்கவும் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களும் தாதிகளும் பாட்டிகளும் இதை வாயில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்றால், தங்கள் ஊரில் தாங்கள் அறிந்த ஒருத்திக்காக வெளிப்படையாக அழ முடியாத இடத்தில், இருநூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனைப் பெண்ணின் பெயரைச் சொல்லி அழுதார்கள் என்பதுதான் எனக்குப் படுகிற காரணம்.

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் ஒரு கட்டுரை நூலில் மேரி பீட்டன், மேரி சீட்டன், மேரி கார்மைக்கேல் என்ற பெயர்கள் வருகின்றனவே, அவர்கள் இந்த மேரிகள்தானா?
– ஆங்கில ஆசிரியை, மேலூர்

பதில்: அவர்களேதான். பெண்ணுக்குச் சொந்த அறையும் பணமும் வேண்டும் என்று 1929-இல் அவர் எழுதிய நூலில், என்னை இந்த மூன்றில் எந்தப் பெயரால் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்கிறார். நான்காவது மேரியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. தூக்கிலேறியவள் அவள்தான், பாட்டைத் தன் வாயால் பாடுகிறவளும் அவள்தான். வகுப்பில் அந்தப் பாடத்துக்கு முன் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: மெட்டும் 1563-ஆ?
– இசை ஆர்வலர், அண்ணாநகர்

பதில்: இல்லை. மெட்டும் வார்த்தையும் ஒன்றாகவே பயணம் செய்வதில்லை. ஸ்காட் முதல் பதிப்பில் மெட்டே போடவில்லை, சைல்டும் பெரும்பாலும் வார்த்தையைத்தான் தேடினார். பெர்ட்ரண்ட் பிரான்சன் என்பவர் 1959 முதல் 1972 வரை நான்கு பெரிய தொகுதிகளில் சைல்ட் பாட்டுகளின் மெட்டுகளைத் தனியாகச் சேர்த்தார், அங்கே தேடுங்கள்.

கேள்வி: நம் மதுரைவீரன் கதை, நல்லதங்காள் கதை எல்லாவற்றையும் இப்படித் தோண்டிப் பார்க்க முடியுமா? பார்க்கலாமா? சாமியாகக் கும்பிடுகிறவர்கள் மனம் புண்படாதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உசிலம்பட்டி

பதில்: முடியும் ஐயா, பார்க்கவும் வேண்டும், மரியாதையோடு.

பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த மதுரைவீரன் கதையில் திருச்சியை ஆள்கிறவர் விஜயரங்கச் சொக்கநாதர், மதுரையில் இருப்பவர் திருமலை நாயக்கர். வரலாற்றில் திருமலை நாயக்கர் 1659-இல் காலமானார், விஜயரங்கர் பட்டத்துக்கு வந்தது 1706-இல். இருவரும் ஒரே நேரத்தில் அரசாள முடியாது. இதைச் சொல்லி, பார்த்தாயா எல்லாம் கட்டுக்கதை என்று கிளம்புகிறவர்களும் உண்டு, அது அவசரம். ஹாமில்டன் பாட்டில் 1563-உம் 1719-உம் ஒட்டிக்கொண்ட மாதிரி இங்கேயும் இரண்டு காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரன் ஒருவனை ஜனங்கள் மறக்க மறுத்தார்கள், ஒவ்வொரு தலைமுறையும் தான் அறிந்த ராஜா பெயரை உள்ளே வைத்துப் பாடியது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் பக்கம் இருக்கிற அவன் சன்னிதியில் கும்பிடுகிறவருக்கு இதனால் ஒன்றும் குறையப்போவதில்லை.

பாட்டையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் கான்சாகிபு சண்டையை எடுங்கள். கான்சாகிபு என்கிற யூசுப்கான் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார், கிழக்கிந்தியக் கம்பெனிக் காகிதங்கள் நிறைய இருக்கின்றன, அவர் அடக்கமான இடம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டையும் கட்டபொம்மு கதையையும் முத்துப்பட்டன் கதையையும் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வடிவங்களை ஒப்பிட்டு, எது எங்கே சேர்ந்தது என்று பார்க்கிற வேலைக்கு அவர் முன்னுரைகளைவிட நல்ல தொடக்கம் தமிழில் இல்லை என்பது என் கருத்து.

நல்லதங்காள் வேறு மாதிரி. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டு, பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணன் மனைவி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் குதித்தவள். வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்குக் கோயில் இருக்கிறது. அவளுக்கு வருஷம் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரில் எந்தப் பெண்கள் அவளைப் பாடினார்கள் என்று தேடலாம், அதற்கு விடை இன்னும் வயதானவர்களிடம் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா நடந்த ஒரு கொலையைச் சொல்கிற கொலைச்சிந்து ஒன்று பாடுவார், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தையில் டேப் என்கிற பறையை அடித்துப் பாடி விற்றதாம். புத்தகம் இப்போது இல்லை. அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?
– இளைஞர், வாடிப்பட்டி

பதில்: தம்பி, இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை இது. அப்பத்தாவிடம் பதிவு செய்யட்டுமா என்று கேளுங்கள், சரி என்றால் கைபேசியைப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாடச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள். ஊர்ப் பெயர் தப்பு, அந்த வருஷம் அந்தத் துரை இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள், மருந்துக்காரன் மாதிரி ஒரு துப்பு அந்தத் தப்புக்குள்தான் இருக்கும். வால்டர் ஸ்காட்டுக்குப் பாடிக் காட்டிய ஒரு கிழவி, ஜேம்ஸ் ஹாக் என்ற எழுத்தாளரின் தாய், அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பாடுவதற்கு உண்டானது, படிப்பதற்கு இல்லை, நீ கெடுத்துவிட்டாய், போட்டதும் சரியாகப் போடவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஸ்காட் வரிகளைச் செப்பனிடுகிற பழக்கம் உள்ளவர்.

யாரிடம் கற்றார், எந்த ஊரில், எந்த வேலை செய்யும்போது பாடுவார்கள், யார் முன்னால் பாட மாட்டார்கள் என்று கேட்டு அதையும் பதிவிலேயே வையுங்கள். தேதியையும் ஊரையும் உங்கள் குரலில் முதலில் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்து அதே பாட்டை மறுபடி பாடச் சொல்லுங்கள், வரிகள் மாறும், மாறியதை வைத்துத்தான் எது நிலையான வரி, எது அவராகச் சேர்ப்பது என்று தெரியும். பக்கத்து ஊரில் அதே சிந்து தெரிந்த இன்னொருவர் இருந்தால் அவரிடமும் போங்கள். கொலை நடந்த ஊர், வருஷம் தெரிந்தால் அந்தக் காலத்துச் செய்தித்தாளைத் தேடலாம், அது அப்புறம், நிதானமாக.

கைபேசியில் மட்டும் விட்டுவைக்காமல் ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றை உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். நாட்டார் வழக்காற்றியல் நடத்துகிற கல்லூரித் துறை எதற்காவது கொடுப்பதாக இருந்தால் அப்பத்தாவின் பெயரைப் போட அவருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிவை அவருக்கே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போன அடி ஏதாவது நினைவுக்கு வந்து அவர் பாட ஆரம்பிக்கலாம், ஆகவே அப்போது இன்னொரு கைபேசி பதிவில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.